கழுதைக்கு ரெண்டு நாள்: ஜான் ஆபிரகாம் படங்களைப் பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் வாயனசாலை (நூலகம்) மாடியில் வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் மூன்று படங்களைப் போடுகிறோம். போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து போனிலும் டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே போட்டுவிடுகிறேன்.

ஹிந்தி நடிகர் ஜான் ஆபிரகாம் நம்ம ஊருக்கு வர்றாரா?

இல்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இதுவரை நாற்பது பேருக்காவது பதில் சொல்லியிருப்பேன். கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு பையன் பைக்கை எந்தப் பக்கம் நிறுத்துவது என்றுகூடக் கேட்டுவிட்டான். இவர் வேறு ஜான் ஆபிரகாம். கேரளத்துக் குட்டநாட்டுக்காரர், 1937இல் பிறந்தவர், தாடியும் கலைந்த தலையுமாக இருப்பார், 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அப்படி என்ன பெரிய ஆள்? எத்தனை படம் எடுத்தார்?

முழுநீளப் படம் என்று பார்த்தால் நாலே நாலு. 1972இல் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே', 1977இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை', 1979இல் 'செறியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்கள்', 1986இல் 'அம்ம அறியான்'. எல்.ஐ.சி.யில், பெல்லாரியில் வேலை. மாசம் பிறந்தால் சம்பளம், ஓய்வு பெற்றால் பென்ஷன். அதை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். அங்கே வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் செல்லப் பிள்ளை. படிப்பு முடிந்ததும் மணி கவுல் எடுத்த ஹிந்திப் படம் 'உஸ்கி ரோட்டி'யில் உதவியாளர். எல்.ஐ.சி.யை விட்டுவிட்டுப் போனார் என்று சொன்னதும் எங்கள் பெரியப்பா, "அப்போ புத்தி சரியில்லாதவர்தான்" என்று முடிவே கட்டிவிட்டார்.

முதல் படத்தை நாங்கள் போடவில்லை. நல்ல பிரதி கையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

எந்தப் படம் எப்போது?

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கழுதை. ஞாயிறு காலை பத்தரைக்குச் செறியாச்சன், மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு அம்ம அறியான். 'ஐந்து மணி' என்றால் ஐந்து மணிதான், கல்யாண ரிசப்ஷன் ஐந்து மணி இல்லை.

போஸ்டரில் ஏன் 'என்னைப் பார் யோகம் வரும்' கழுதை?

கடைவாசலில் மாட்டி வைப்பார்களே, அதே கழுதைதான். வேண்டுமென்றே வைத்தோம். படத்தின் பெயரையும் நேரத்தையும் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததால், நாட்டுக்கல் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரர் அதை சாமி படம் வரிசையில் சேர்த்து மாட்டி, பொட்டு வைத்து, ஊதுவத்தியும் செருகிவிட்டார். நான் போய் "அண்ணே, இது சினிமா போஸ்டர்" என்றேன். அவர் அசரவில்லை. "இருக்கட்டுமுங்க, மாட்டுனதுலருந்து யாவாரம் பரவாயில்லீங்க" என்றார். இதற்கு மேல் அந்தப் படத்துக்கு நான் என்ன விளக்கம் சொல்ல?

சரி, கதை என்ன?

பட்டணத்துக் கல்லூரியில் நாராயணசுவாமி என்று ஒரு பேராசிரியர். கல்யாணமாகாதவர், பிராமணர், சாது. தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டி வழிதவறி அவர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அவருக்கு விரட்ட மனசு வரவில்லை, வளர்க்கிறார். கல்லூரியில் கேலி தாங்க முடியாமல் போகவே, குட்டியைத் தன் சொந்தக் கிராமத்தில், அக்ரஹாரத்தில், அப்பா அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். உமா என்று வாய் பேச முடியாத ஒரு வேலைக்காரப் பெண், அவள் பார்த்துக்கொள்கிறாள். அப்புறம் ஊரில் எது நடந்தாலும் பழி கழுதைமேல். பையன்கள் செய்கிற விஷமமும் கழுதை கணக்கு, பெரியவர்கள் செய்கிற அயோக்கியத்தனமும் கழுதை கணக்கு. கடைசியில் அடித்தே கொன்றுவிடுகிறார்கள். கொன்ற பிறகு ஊரில் இரண்டு மூன்று நல்லது நடந்ததாகப் பேச்சு கிளம்புகிறது. உடனே அதே வாய்கள், கழுதைக்குக் கோவில் கட்ட வேண்டும் என்கின்றன.

இதற்கு மேல் சொன்னால் நீங்கள் வர மாட்டீர்கள். முடிவு இதுவல்ல என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கழுதையை அடித்துக் கொல்கிற படம் எப்படிக் காமெடி?

நல்ல கேள்வி. விழுந்து விழுந்து சிரிக்கிற காமெடி இல்லை. யாரும் ஜோக் அடிக்க மாட்டார்கள், யாரும் வழுக்கி விழ மாட்டார்கள். எல்லோரும் ரொம்ப சீரியஸாக, ஒரு கழுதை விஷயத்தைக் கொலைக்கேஸ் மாதிரி விசாரிப்பார்கள், அதுதான் சிரிப்பு. மனிதர்கள் மாற்றி மாற்றி நியாயம் பேசிக்கொண்டிருக்க, கழுதை பாட்டுக்கு நிற்கும். முதல் தடவை பார்த்தபோது அரைமணி நேரம் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்கே தெரியவில்லை. கறுப்பு வெள்ளைப் படம், ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு, திரைக்கதை நம்ம விமர்சகர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவர் நடிகரே இல்லை, இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். ஊரையே பாட வைத்த மனுஷனை ஜான் பேசாமல் உட்கார வைத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்தால் இவரைத் தவிர வேறு யாரும் ஒரு கழுதைக்காக இவ்வளவு சங்கடப்பட முடியாது என்று தோன்றும்.

கல்பாத்திக்கு இவ்வளவு பக்கத்தில் இந்தப் படத்தைப் போடுகிறீர்களே, அக்ரஹாரத்துக்காரர்கள் மனசு நோகாதா?

இதைத்தான் பலரும் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எங்களுக்கு வேறு ஒரு ஹால் கிடைத்திருந்தது. முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. படத்தின் பேரைக் கேட்டதும் பொறுப்பில் இருந்தவர், "தலைப்பை மட்டும் மாத்திக்கலாமா?" என்றார். எதாக மாற்றுவது? 'குடியிருப்பில் பிராணி' என்றா? அந்த இடம் கைவிட்டுப் போயிற்று. அதனால்தான் வாயனசாலை மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று மின்விசிறி. சொல்லப்போனால் இந்தப் படத்துக்கு இது புதுசும் இல்லை. 1977க்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் என்று பரிசு வாங்கிய படத்தை, தூர்தர்ஷனில் போடுவதாக இருந்து எதிர்ப்பு வந்ததும் நிறுத்தினார்கள். கையில் பரிசு, வாசலில் பூட்டு.

போன மாதம் பிரதியைச் சோதிக்க ஒரு நண்பர் வீட்டு முற்றத்தில் வேட்டியைக் கட்டிப் படத்தை ஓட்டினோம். அவர் வீடு கிராமத்தில், அதாவது அக்ரஹாரத்தில் (பாலக்காட்டில் அதற்கு அப்படித்தான் பெயர், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்). எண்பது தாண்டிய அவருடைய பாட்டி, கீரை ஆய்ந்துகொண்டே, திரும்பாத மாதிரி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாகத்துக்கு நடுவே கழுதை பிரச்சினை கிளம்பிப் பெரியவர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். படம் முடிந்ததும் நான் தயங்கித் தயங்கி, "பாட்டி, கோவமா?" என்றேன். "கோவம் எதுக்குடா? எங்க தாத்தாவாத்துத் திண்ணையில நடந்ததையாக்கும் எடுத்து வெச்சிருக்கான்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "ஒரு நஸ்ராணிப் பையனுக்கு இதெல்லாம் எப்படியாக்கும் தெரிஞ்சது?"

ஜானுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அடுத்த படத்திலேயே அவர் தன் சொந்தக் கிறிஸ்தவ சமூகத்தின் திண்ணைக்கும் போனார். அந்த வகையில் பாரபட்சம் பார்க்காத ஆள். கழுதையை அடிப்பது ஒரு சாதியின் ஏகபோகம் என்று படம் சொல்லவும் இல்லை. அக்ரஹாரத்தை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று வருகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. நம்ம தோட்டத்தில், நம்ம கவுண்டர் வீட்டில், நம்ம பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் நடந்த விஷயத்துக்கு எந்தக் கழுதை அடி வாங்கியது என்று நான் இங்கே பட்டியல் போட ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை யாரும் டீ வாங்கிக் கொடுக்க மாட்டார்கள்.

ஒரு மலையாளி எதற்குத் தமிழில் எடுத்தார்? இது தமிழ்ப் படமா, மலையாளப் படமா?

தமிழ்ப் படம்தான். ஆனால் கேரளத்தில் இதைத் தங்கள் படமாகக் கொண்டாடுகிறார்கள், தமிழ்நாட்டில் பேரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. எங்களை மாதிரி. ரேஷன் கார்டு கேரளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில், ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம், துணி எடுக்க மறுபக்கம், இரண்டு ஊர்க்காரர்களும் 'நீங்க அந்தப் பக்கமா?' என்பார்கள். அதனாலோ என்னவோ இந்தப் படத்தை நாங்கள்தான் போட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். சித்தூர் தாலுகாவில் போடாமல் வேறு எங்கே போடுவது?

பிரெஞ்சுப் படத்தைக் காப்பியடித்தது என்கிறார்களே?

ராபர்ட் பிரெசான் 1966இல் எடுத்த 'பல்தசார்' படத்திலும் ஒரு கழுதை கை மாறிக் கை மாறி அடி வாங்கிச் சாகும். அதன் நிழல் இதில் உண்டு. ஆனால் அங்கே கழுதை கிட்டத்தட்ட ஒரு புனிதர். இங்கே அதைப் புனிதராக்குகிறவர்களைப் பார்த்துத்தான் படமே. இரண்டையும் பார்த்தவர்கள் காப்பி என்று சொல்ல மாட்டார்கள். பார்க்காதவர்கள்தான் அடித்துச் சொல்கிறார்கள்.

செறியாச்சன் யார்?

குட்டநாட்டில் வயல் வரப்போடு வாழ்கிற ஒரு கிறிஸ்தவ நிலக்கிழார். அடூர் பாசி நடித்தார், அதற்கு அந்த வருஷம் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. தலைப்பு 'செறியாச்சனின் கொடுஞ்செயல்கள்'. பெயரைப் பார்த்து வில்லன் படம் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். மனுஷன் ஒரு கொடுஞ்செயலும் செய்வதில்லை. போலீஸ் செய்த கொடுமையைப் பார்த்துவிடுகிறார், அவ்வளவுதான். அதிலிருந்து தானே குற்றவாளி என்கிற பயம் உள்ளே புகுந்து, காக்கிச் சட்டை தெரிந்தாலே நடுங்கி, தென்னைமரத்தில் ஏறி ஒளிகிற அளவுக்குப் போய்விடுகிறது. அடூர் பாசி என்றால் கேரளத்தில் சிரிப்பு நடிகர். அவரைத் தென்னை உச்சியில் உட்கார வைத்து, நாம் சிரிக்க ஆரம்பித்த பிறகு நம்மைச் சிரிக்க விடாமல் செய்வது ஜானுக்கே உரிய குறும்பு. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், வாயனசாலையில் மற்ற யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அம்ம அறியான் நையாண்டிப் படமே இல்லையே?

இல்லை. தற்கொலை செய்துகொண்ட ஓர் இளைஞனின் சாவை அவன் அம்மாவிடம் சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சி வரை போகிற பயணம். வழியில் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டே போவார்கள். நடிகர் ஜாய் மாத்யூ இதில் அந்தச் செய்தியைக் கொண்டுபோகிற இளைஞனாக வருகிறார், ஒளிப்பதிவு வேணு. மெதுவான படம். ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் தடவை பார்த்தபோது நடுவில் தூங்கிவிட்டேன். இரண்டாம் தடவைதான் பிடி கிடைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்தது எங்கள் தப்புதான், அன்றைக்கு மோர்க்குழம்பைக் குறைத்துச் சாப்பிடுங்கள்.

இந்தப் படத்தைப் போடுவதற்குக் காரணம் படம் மட்டும் இல்லை, அது எடுக்கப்பட்ட விதம். 1984இல் ஜான் நண்பர்களோடு சேர்ந்து ஒடேசா என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார். தயாரிப்பாளர் வேண்டாம், ஜனங்களிடமே காசு வாங்கி ஜனங்களுக்கே படம் காட்டுவோம் என்று ஊர் ஊராகப் போய், கொட்டடித்து, நாடகம் போட்டு, துண்டேந்தி வசூலித்து எடுத்த படம் இது. இன்றைக்கு இதற்கு இணையத்தில் ஆயிரம் வழி வந்துவிட்டது. அன்றைக்குக் கையில் செண்டை.

'பஞ்சவடிப் பாலம்' ஏன் போடவில்லை?

அது கே.ஜி.ஜார்ஜ் எடுத்தது, இவரல்ல. அரசியல் நையாண்டி என்றால் கேரளத்தில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான், 1984 படம். அவருக்கு வேறொரு தடவை தனியாக இரண்டு நாள் ஒதுக்குகிறோம்.

ஜான் பெரிய குடிகாரராமே? பிச்சைக்காரர் மாதிரித் திரிந்தாராமே?

குடித்தார், ஊர் ஊராகத் திரிந்தார், யார் வீட்டிலும் போய்ப் படுத்தார், யாரிடமும் காசு கேட்டார். எல்லாம் ஊரறிந்தது. கேரளத்தில் அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் 'ஜானோடு நான்' என்று ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பேரோடு அவ்வளவு ராத்திரி குடித்தவருக்குப் படம் எடுக்க எப்படி நேரம் கிடைத்தது என்று எனக்கு சந்தேகம்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது படத்துக்குப் பணம் கொடுக்க ஆள் இல்லை, செத்த பிறகு தாடி வைத்த படம், மாலை, கவிதை, 'ஒற்றையான்' (தனித்துத் திரியும் யானை) என்று பட்டம். கழுதையை அடித்துக் கொன்றுவிட்டுக் கோவில் கட்டுகிற கதையை எடுத்தவருக்கே இது நடந்திருக்கிறது. எங்கள் குழுவிலும் முதல் கூட்டத்தில் ஒருவர், மேடையில் அவர் படத்தை வைத்துக் குத்துவிளக்கு ஏற்றலாம் என்றார். அரைமணி நேரம் சண்டை. விளக்கு இல்லை, மாலை இல்லை, பொன்னாடை இல்லை, வரவேற்புரை இல்லை என்று முடிவாயிற்று. ஐந்து மணிக்கு லைட்டை அணைப்போம், படம் ஓடும். குடிக் கதை சொல்ல விரும்புகிறவர்கள் படம் முடிந்த பிறகு வாசலில் சொல்லலாம், நானும் கேட்பேன், ரெண்டு நல்ல கதை என்னிடமும் உண்டு.

அவர் நினைவாக ரெண்டு கிளாஸ் கள் போட்டுவிட்டு வரலாமா?

சித்தூர்க் கள்ளு கேரளம் பூரா போகிறது, உங்களை மட்டும் தடுக்க நான் யார். ஆனால் மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். அவர் எப்படி இறந்தார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

'கழுதைப் படம்' என்று சொல்லிப் பிள்ளைகளை ஆசை காட்டிக் கூட்டி வராதீர்கள். கழுதையை அடிக்கிற காட்சி இருக்கிறது, இறந்து பிறந்த குழந்தை ஒன்று கதையில் வருகிறது. பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் தாராளமாக வரட்டும்.

டிக்கெட் எவ்வளவு? மலையாளம் தெரியாதவர்கள் என்ன செய்வது? பஸ்?

டிக்கெட் கிடையாது, இடைவேளையில் ஒரு பிளாஸ்டிக் வாளி சுற்றி வரும், இருக்கிறதைப் போடுங்கள். மலையாளப் படங்கள் இரண்டுக்கும் எங்கள் பையன்கள் நாலு பேர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தமிழில் வசன வரி போட்டிருக்கிறார்கள். குட்டநாட்டுப் பேச்சு அவர்களுக்கே பாதி புரியவில்லை, இரண்டு இடத்தில் 'என்னமோ திட்டுகிறார்' என்று போட்டுவிட்டார்கள், மன்னிக்கவும். பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர்கள் கோபாலபுரம் வழி பஸ்ஸில் ஏறுங்கள், கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வேலந்தாவளம் வழி பக்கம். சனிக்கிழமைப் படம் ஏழு மணிக்குள் முடிந்துவிடும், திரும்பிப் போகிற பஸ்ஸை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாயாவும் பருப்புவடையும் கீழே கிடைக்கும், அதற்குக் காசு உண்டு.

நிஜக் கழுதையைக் கூட்டி வருவீர்களா?

யோசனை வந்தது, உண்மைதான். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கழுதைப் பால் விற்க வருகிற ஒருவர் உண்டு, தெருவில் நின்றே கறந்து, பிள்ளைகளுக்கு இருமலுக்கு ஒரு சங்கு அளவு கொடுப்பார். அவரிடம் சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு மணி நேரம் கழுதையோடு நிற்க முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சினிமாவுக்கு என்றேன். என்ன சினிமா என்றார். கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார், தாம்புக்கயிற்றை இன்னும் ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு, "அடிக்கிற படத்துக்கு இவளை எதுக்குங்க கூட்டியாரணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே கழுதை வராது. அவர் மட்டும் வந்தாலும் வருவார், முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.